புதுசா பைக் ஓட்டுறவங்களுக்கு ரிஃப்ளெக்டிவ் வெஸ்ட் வாங்கிக் குடுக்கலாமா? மழை வெயில் ரெண்டுலயும் போட்டுப் பாத்துட்டு எழுதுறேன்

அக்கா பையன் வேலைக்கு சேந்துட்டான், லைசென்ஸ் வந்த உடனே 125 சிசி பைக் ஒண்ணும் எடுத்துட்டான். வீடு சென்னை பல்லாவரம், ஆபீஸ் துரைப்பாக்கம், அப்போ தினமும் ரெண்டையும் இணைக்கற ரேடியல் ரோடுதான், அந்த ரோட்ட தெரிஞ்சவங்களுக்கு நான் ஏன் பயந்தேன்னு விளக்க வேண்டியதே இல்ல. சைடு ரோட்டுலருந்து கார் சட்டுனு மூக்க நீட்டும், யூ டர்ன் அடிக்கிறவன் ஒரு கையில போன வச்சுக்கிட்டு இன்னொரு கையால ஸ்டியரிங்க சுத்துவான். அதான் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல போயி ரெண்டு ரிஃப்ளெக்டிவ் வெஸ்ட் வாங்கினேன், ஒண்ணு அவனுக்கு, ஒண்ணு எனக்கு. மெட்ரோ வேலைல இருக்கறவங்க போடுவாங்களே அதே பச்சை மஞ்சள் கலர். பிராண்டுன்னு பெருசா எதுவும் இல்ல.

முதல்ல இது எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லிடுறேன், ஏன்னா கடைக்காரங்க யாரும் சொல்றதில்ல. இதுல ரெண்டு சமாச்சாரம் இருக்கு. அந்த பளிச் கலர் துணி பகலுக்கு, வெயில்ல இருக்கற அல்ட்ரா வயலட்ட வாங்கி வெளிச்சமா திருப்பி விடும், அதனால மேகம் மூடின நேரத்துலயும் சாயங்காலத்துலயும் கூட எடுப்பா தெரியும். ஆனா ராத்திரி தெரு விளக்குல அது சாதா துணிதான். ராத்திரிக்கு வேலை செய்யறது அந்த வெள்ளிப் பட்டை. அதுல இருக்கற பொடிப் பொடி கண்ணாடி மணிங்க வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வருதோ அந்தப் பக்கமே திருப்பி அனுப்பும், அதனால பின்னாடி வர்ற கார்காரனுக்கு அவனோட ஹெட்லைட்டுலயே நம்ம முதுகு எரியற மாதிரி தெரியும்.

இங்கதான் விஷயமே இருக்கு. சைடு ரோட்டுலருந்து வெளிய வர்ற காரோட ஹெட்லைட் எதிர்த்தாப்புல இருக்கற சுவத்துலதான் விழும், குறுக்க போற நம்ம மேல விழாது. வெளிச்சம் விழலன்னா பட்டையும் மின்னாது. எதிர்ல வர்றவனுக்கோ நம்ம ஹெட்லைட் வெளிச்சமே வெஸ்ட்ட அமுக்கிடும், 2017 ஏப்ரல்லருந்து வர்ற புது வண்டி எல்லாத்துலயும் ஹெட்லைட் எப்பவும் எரிஞ்சுட்டுதான் இருக்கும். ஆக ராத்திரில இந்த வெஸ்ட் உண்மையா காப்பாத்துறது பின்பக்கத்த மட்டும்தான். அது சின்ன விஷயம் இல்ல, ஆனா இத போட்டுட்டா நாலு பக்கமும் பாதுகாப்புன்னு புதுசா ஓட்டுறவன் நெனச்சுடக் கூடாது.

பகல்ல நல்ல பலன் இருக்கு. 2004ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு ஆய்வு வந்துச்சு, நியூசிலாந்து ஆக்லாந்துல பண்ணது. ஃப்ளோரசன்ட், அதாவது அந்த பளிச் கலர், இல்லன்னா ரிஃப்ளெக்டிவ் டிரஸ் போட்ட பைக்காரங்களுக்கு அடிபடற ரிஸ்க் 37 சதவீதம் கம்மியா இருந்துச்சுன்னும், கருப்பு ஹெல்மெட்ட விட வெள்ளை ஹெல்மெட்டுக்கு 24 சதவீதம் கம்மின்னும் அதுல இருக்கு. நம்ம பசங்க எல்லாம் மேட் பிளாக் ஹெல்மெட்தான் கேக்கறாங்க. என் கருத்து, வெஸ்ட் போட மனசு வரலன்னா ஹெல்மெட்டையாவது வெள்ளையா வாங்குங்க, ஐஎஸ்ஐ முத்திரை பாத்து.

இப்ப குறை. பேக்பேக்! ஐடி பசங்க எல்லாரும் லேப்டாப் பேக் மாட்டிக்கிட்டுதான் போறாங்க, பேக்க மாட்டினா முதுகுல இருக்கற பட்டை முழுசா மறைஞ்சுடுது, வெஸ்ட் போட்டதுக்கே அர்த்தம் இல்லாம போயிடுது. இதுக்கு அதே கலர்ல பட்டை வச்ச பேக் ரெயின் கவர் தனியா கிடைக்குது, கண்டிப்பா வாங்குங்க. பின்னாடி ஆள் உக்காந்தாலும் இதே கதைதான், அப்போ வெஸ்ட்ட பின்னாடி இருக்கறவங்களுக்குப் போட்டு விடுங்க. துவைக்கத் துவைக்க பட்டை மங்குது, எத்தன தடவ துவைக்கலாம்னு நல்ல வெஸ்ட்ல லேபிள்லயே போட்டிருக்கும், விலை கம்மியானதுல அந்த லேபிளே இல்ல. பிரஷ் போட்டு தேய்க்காதீங்க, அயர்ன் பண்ணவே பண்ணாதீங்க. வெல்க்ரோ வச்சது வேணாம், காத்துல பிரிஞ்சு படபடன்னு அடிக்கும், புதுசா ஓட்டுறவனுக்கு அந்த சத்தமே கவனத்த கெடுக்கும். ஜிப் வச்சது வாங்குங்க. சென்னை வெயிலுக்கு வலைத் துணிதான் சரி, மூடின துணி போட்டா சிக்னல்ல நிக்கவே முடியல.

வெஸ்ட்டால ஆகாத விஷயம் ஒண்ணு இருக்கு. நம்மள பாத்துட்டும் குறுக்க வர்றாங்க. பைக் ஒல்லியா இருக்கறதால அது எவ்ளோ தூரத்துல இருக்கு, எவ்ளோ வேகமா வருதுன்னு கார்ல இருக்கறவங்களால சரியா கணிக்க முடியறதில்ல, இன்னும் டைம் இருக்குன்னு நெனச்சு திருப்பிடறாங்க. விண்ட்ஷீல்டு ஓரத்துல இருக்கற தூணுக்குப் பின்னாடி ஒரு முழு பைக்கே மறைஞ்சுடும், அந்தக் காலத்து ஒல்லித் தூண் இல்ல இப்ப வர்ற கார்ல. 1981ல அமெரிக்கால ஹாரி ஹர்ட்னு ஒருத்தர் தலைமைல லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் நடந்த பைக் விபத்துங்கள ஆராய்ஞ்சு ஒரு ரிப்போர்ட் போட்டாங்க. பைக்கும் இன்னொரு வண்டியும் மோதினதுல மூணுல ரெண்டு பங்கு அந்த இன்னொரு வண்டிதான் பைக்கோட வழிய மறிச்சிருக்கு. விபத்துல மாட்டினவங்கள்ல பாதிக்கு மேல அந்த குறிப்பிட்ட பைக்க 5 மாசம் கூட ஓட்டல. ஊரு வேற, காலம் வேற, ஆனா ரேடியல் ரோட்டுல நின்னு பாத்தா அதேதான் நடக்குது. நம்ம நாட்டுல 2022ல ரோட்டுல செத்தவங்க 1,68,491 பேர், அதுல 44.5 சதவீதம் டூவீலர்ல போனவங்க. இத படிச்சுட்டு எனக்கு அன்னிக்கு தூக்கமே வரல.

அதனால வெஸ்ட்ட குடுக்கும்போதே பையன்கிட்ட சில விஷயம் சொல்லிக் குடுத்தேன். கார்காரன் மூஞ்சிய பாக்காத, அவன் உன்ன பாக்கற மாதிரியே இருக்கும் ஆனா பாத்திருக்க மாட்டான், அவனோட முன் சக்கரத்த பாரு, சக்கரம் லேசா உருண்டாலே பிரேக்ல விரல் போயிடணும்னேன். நின்னுட்டு இருக்கற கார பாத்தா ஒரு கதவு அகலம் விட்டுப் போ, அதுலயும் கால் டாக்ஸிலருந்து ஆள் இறங்கினா அவங்க பின்னாடி பாக்கவே மாட்டாங்க. டிராஃபிக்ல நிக்கற காருக்கு இடது பக்கமா புகுந்து போகாத, அங்கயும் கதவு திறக்கும். உன்ன ஓவர்டேக் பண்ணிட்டு உடனே லெஃப்ட்ல திரும்பற கார்தான் பெரிய எமன், முன்னாடி தெரு ஒண்ணு வருதுன்னா காருக்கு பக்கத்துலயே ஒட்டிப் போகாம பின்வாங்கிக்கோ. "சரி மாமா"ன்னு கேட்டுக்கிட்டான், இப்ப அவனே ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸுக்கு சொல்றான்.

கார் ஓட்டுறவங்க இத படிச்சா ஒரே வேண்டுகோள், திரும்பறதுக்கு முன்னாடி தலைய முன்னாடியும் பின்னாடியும் கொஞ்சம் அசைச்சு அந்தத் தூணத் தாண்டி பாருங்க, இறங்கும்போது கதவுக்கு தூரமா இருக்கற கையால திறங்க, உடம்பு தானா திரும்பி கண்ணு பின்னாடி போகும். போன கீழ வைங்க, கெஞ்சிக் கேக்கறேன்.

என் மார்க் 5க்கு 3.5. பேக் கவரோட சேத்து வாங்கினா 4. 200 ரூபாய்க்குள்ள கிடைக்கறத விட்டுட்டு, கொஞ்சம் கூடப் போட்டு ஈஎன் ஐஎஸ்ஓ 20471 கிளாஸ் 2ன்னு (இந்த மாதிரி பளிச்னு தெரியற டிரஸ்ஸுக்கான தர அளவுகோல்) லேபிள் இருக்கறத வாங்குங்க, அதுல பட்டையோட அளவு குறைஞ்சது 0.13 சதுர மீட்டர் இருக்கணும்னு கணக்கு இருக்கு. சைஸ் ஒண்ணு பெருசா எடுங்க, மழை வந்தா ரெயின்கோட்டுக்கு மேல போடணும், எங்களுக்கு எல் சைஸ் பத்தல.