லேக்காக்கா, லாவன்ஹமா: பழைய வீடுகளைப் படம் எடுக்க எங்கே போகலாம்?

இங்கிலாந்தில் ஒரு நாள்தான் கையில் இருக்கிறது, பழைய கட்டடங்களைப் படம் எடுக்க எந்தக் கிராமத்துக்குப் போகலாம் என்று யாராவது கேட்டால், நான் இரண்டு பெயர்களைத்தான் சொல்வேன். மேற்கே வில்ட்ஷயரில் லேக்காக், கிழக்கே சஃபோக்கில் லாவன்ஹம். இரண்டுமே கம்பளி வியாபாரத்தில் செழித்த ஊர்கள். இரண்டிலும் ஐந்நூறு, அறுநூறு வருட வீடுகளில் இன்றும் குடித்தனம் நடக்கிறது. கேமராவோடு போகிறவருக்கு மட்டும் இரண்டும் வைக்கும் வேலை வேறு வேறு.

லேக்காக்கின் பெரிய ஈர்ப்பு ஒரு ஜன்னல். 13ஆம் நூற்றாண்டில் கன்னிமடமாகக் கட்டப்பட்டு, எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்த பிறகு வீடாக மாறியது லேக்காக் அபே. 1835 ஆகஸ்டில் அதில் வாழ்ந்த, புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட், தெற்குக் கூடத்து ஜன்னலை ஒரு சிறிய மரப்பெட்டி கேமராவால் படம் பிடித்தார். தபால்தலை அளவுதான் இருக்கும் அது. இன்று நம்மிடம் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய கேமரா நெகட்டிவ் அதுதான். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஜன்னலின் சுமார் 200 சில்லுகளையும் எண்ண முடிந்தது என்று அவரே அதன் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். தெற்கு பார்த்த ஜன்னல் என்பதால் வெளிச்சம் நேரே உள்ளே வரும். அதே கூடத்தில் நின்று அதே ஜன்னலைக் கேமராவில் பார்க்கும்போது எனக்கு மூச்சு ஒரு நொடி நின்றது. டால்பட்டின் காகித நெகட்டிவ் வழியில் பின்னால் வந்த மெழுகுக் காகித முறையில்தான் 1858இல் புகைப்படக்காரர் லின்னேயஸ் ட்ரைப் மதுரைக் கோயிலையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் எடுத்தார். அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த அறை ஒரு தாய்வீடு மாதிரி.

கிராமம் என்று பார்த்தால் லேக்காக் மிகச் சிறியது. நான்கு தெருக்கள் சேர்ந்து ஒரு சதுரம் போல இருக்கும், அவ்வளவுதான். 1944இல் டால்பட்டின் பேத்தி மடில்டா டால்பட் அபேயோடு கிராமத்தையும், பழைய இடங்களைப் பாதுகாக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்டுக்குக் கொடுத்துவிட்டார். பெரும்பாலான வீடுகளுக்கு ஒரே உரிமையாளர் என்பதால் தெருவில் தொங்கும் கம்பியோ டிவி ஆன்டெனாவோ கண்ணில் உறுத்தாது. கல் வீடு, மரச்சட்ட வீடு, செங்கல் வீடு எல்லாம் தோளோடு தோள் உரசி நிற்கும். வெளியூர் வண்டிகளுக்கு ஊருக்கு வெளியே நிறுத்துமிடம் இருந்தாலும், குடியிருப்பவர்களின் கார்கள் வாசலில்தான் நிற்கும். அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

சரி, லாவன்ஹம். இங்கேதான் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன்.

நீலத் துணிக்குப் பேர்போன இந்த ஊர், 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாட்டின் பணக்கார ஊர்களில் ஒன்று. 1530 வாக்கில் எழுந்த கில்ட்ஹால் என்ற சங்கக் கூடம் இன்றும் சந்தைத் திடலில் நிற்கிறது. அப்புறம் துணி வியாபாரம் படுத்துவிட்டது. வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட யாரிடமும் பணம் இல்லை. அதனால்தான் அந்தத் தெருக்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன.

வீடுகள் எல்லாம் ஓக் மரச்சட்டம். மரத்தை வெட்டிக் காயவிடாமல் பச்சையாகவே இழைத்துப் பொருத்திவிடுவார்கள். நின்ற இடத்திலேயே அது காய்ந்து சுருங்கி முறுக்கிக்கொள்ளும். மேல்மாடி தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். சில வீடுகள் பக்கத்து வீட்டின் மேல் சாய்ந்தே நிற்கின்றன. படம் எடுப்பவர் தடுமாறுவது இங்கேதான். கேமராவை அண்ணாந்து பிடித்தால் எந்தக் கட்டடமும் மேலே குறுகிப் பின்னால் சாய்வது போலத் தெரியும். லேக்காக்கின் கல்வீட்டில் அதைக் கண்டுபிடிப்பது சுலபம். சுவரின் விளிம்பு நேராக இருக்க வேண்டும் என்று நமக்குத் தெரியும், கணினியில் நிமிர்த்திவிடலாம். லாவன்ஹமில் எது லென்ஸின் சாய்வு, எது வீட்டின் சாய்வு என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. முதல் முறை போனபோது வீட்டுக்கு வந்து மென்பொருளின் தானியங்கி நிமிர்த்தலை அழுத்தினேன். ஐந்நூறு வருடமாகக் கோணி நின்ற வீடு விறைப்பாக நிமிர்ந்துவிட்டது. அது பொய்ப் படம். அத்தனையையும் அழித்தேன்.

அதனால் லாவன்ஹமுக்கு ட்ரைபாடும் ரசமட்டமும் கட்டாயம். கேமராவுக்குள்ளேயே மட்டக்கோடு இருந்தால் அது போதும். கேமராவைத் தூக்காமல் கிடைமட்டமாக வைத்துவிட்டால் உண்மையான செங்குத்து செங்குத்தாகவே விழும். சாய்வாகத் தெரிவதெல்லாம் வீட்டின் சொந்தச் சாய்வு. கூரை வெட்டுப்படுகிறதா? 24 மில்லிமீட்டர் ஷிஃப்ட் லென்ஸ் இருந்தால் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தலாம். இல்லையென்றால் வைட் லென்ஸில் எடுத்து, கீழே வரும் தெருவை வெட்டிவிடுங்கள். நிறுத்திய கார்களில் பாதியும் அதோடு போய்விடும். தெருவின் தரையை மட்டமாக நம்ப வேண்டாம், ஹை ஸ்ட்ரீட் சரிவில் இறங்குகிறது.

வெளிச்சத்திலும் வித்தியாசம் உண்டு. லாவன்ஹமில் மரங்களுக்குக் கறுப்புப் பூசாமல் விட்டிருப்பதால் பல வீடுகளில் அவை வெள்ளிச் சாம்பல் நிறத்தில் இருக்கும். நடுவே வெள்ளை, இளஞ்சிவப்பு, காவி மஞ்சள் சுண்ணாம்புப் பூச்சு. இந்த மென்மையான நிறங்களுக்கு மேகமூட்டம்தான் நல்லது. வெயில் அடித்தால் நீட்டிய மாடியின் நிழல் கீழ்த்தளத்தை விழுங்கிவிடும். லேக்காக்கின் கல்லுக்கோ பக்கவாட்டில் விழும் காலை, மாலை வெயில் வேண்டும், இல்லாவிட்டால் கல்லின் சொரசொரப்பு படத்தில் வராது.

போய்ச் சேர்வதற்கு லேக்காக் எளிது. லண்டன் பாடிங்டனிலிருந்து சிப்பன்ஹம் வரை ரயில், அங்கிருந்து கொஞ்ச தூரம் பஸ். லாவன்ஹமுக்கு ரயில் கிடையாது. சட்பரியிலோ பரி செயின்ட் எட்மண்ட்ஸிலோ இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். இரண்டு ஊரிலும் பொதுத் தெருவில் நின்று கட்டடத்தைப் படம் எடுக்க பிரிட்டிஷ் காப்புரிமைச் சட்டத்தில் தடையில்லை. ஜன்னல் வழியாக வீட்டுக்குள் கேமராவை நீட்டாதீர்கள், உள்ளே ஒருவர் காலை உணவு சாப்பிட்டுக்கொண்டிருப்பார். நேஷனல் டிரஸ்ட் நிலத்திலிருந்து ட்ரோன் பறக்கவிடவும் கூடாது.

என் தேர்வு லாவன்ஹம். டால்பட்டின் ஜன்னலுக்காக ஒரு முறை லேக்காக் போய்த்தான் ஆக வேண்டும், அதற்கு அரை நாள் போதும். லாவன்ஹமுக்கு நான் நான்கு தடவை போய்விட்டேன், கில்ட்ஹாலின் மூலைத்தூண் இன்னும் சரியாக அமையவில்லை. அடுத்த மேகமூட்டமான வாரத்துக்காகக் காத்திருக்கிறேன்.