இன்ஜினியரா, ஆர்க்கிடெக்டா, மொத்த ஒப்பந்த நிறுவனமா? கொங்குப் பகுதியில் கட்டப் போகிறவர்களுக்கான ஒப்பீடு

ஈரோட்டிலோ திருப்பூரிலோ வீடு கட்டப் போவதாகச் சொன்னால் முதலில் வந்து விழும் கேள்வி, சதுர அடி என்ன விலைக்குப் பேசியிருக்கிறீர்கள் என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. வரைபவர் யார், கட்டுபவர் யார், கட்டியது சரியா என்று பார்ப்பவர் யார்? இந்த மூன்று வேலைகளையும் எப்படிப் பிரித்துக் கொடுக்கிறோம் என்பதில்தான் நம் முன் இருக்கும் வழிகள் வேறுபடுகின்றன. வரைபடத்தின் அழகெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நம் பக்கத்தில் பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது உள்ளூர் கட்டடப் பொறியாளரை. அவரே பிளான் போடுவார், அப்ரூவல் வாங்கித் தருவார், வங்கிக் கடனுக்கு மதிப்பீட்டுச் சான்று எழுதுவார், சதுர அடிக் கணக்கில் கட்டியும் கொடுத்துவிடுவார். இதைக் குறைத்துப் பேச மாட்டேன். எந்த ஊரில் செம்மண், எந்த ஊரில் கரிசல், எங்கே எத்தனை அடி தோண்டினால் கெட்டித் தரை கிடைக்கும் என்பதெல்லாம் அவருக்கு அனுபவத்தில் தெரியும். கரிசல் மண் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் என்பதை அறியாதவர் போட்ட அடித்தளத்தால் சுவர் வெடித்த வீடுகள் இங்கே உண்டு என்பதால், அந்த அறிவுக்குப் பெரிய மதிப்பு இருக்கிறது. மனை சிறியது, குடும்பத்தின் தேவை தெளிவானது, கையிருப்பு அளவானது என்றால் நல்ல பொறியாளர் ஒருவரே போதும்.

ஆனால் இந்த ஏற்பாட்டில், மேற்பார்வை செய்ய வேண்டியவரே லாபம் பார்க்க வேண்டியவராகவும் இருக்கிறார். சித்தோடு பக்கத்தில் நான் கட்டிய வீட்டில் இதைக் கண்ணால் கண்டேன். கான்கிரீட் போடும் நாளில், கம்பி வெளியே தெரியாமல் கான்கிரீட் மூடி அதைத் துருவிலிருந்து காக்க, கம்பிக்கும் பலகைக்கும் இடையில் வைக்க வேண்டிய கவர் பிளாக்குகள் தீர்ந்துவிட்டன. வேலையாட்கள் ஜல்லித் துண்டுகளை வைத்துக் கம்பியைத் தூக்கி நிறுத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டிய பொறியாளரே ஒப்பந்ததாரர் என்பதால், அன்றைய கூலியும் கலவை இயந்திர வாடகையும் அவர் கையிலிருந்து போவதாக இருந்தது, அவர் நிறுத்தவில்லை. ஆறாம் ஆண்டில் சன்ஷேடின் அடியில் துரு தெரிந்தது. அவரைக் கெட்டவர் என்று நான் இன்றும் நினைக்கவில்லை. ஒரே ஆளிடம் இரண்டு வேலைகளைக் கொடுத்தது என் தவறு.

சதுர அடி விலையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒருவர் 2,300 ரூபாய் என்றும் இன்னொருவர் 2,500 ரூபாய் என்றும் சொன்னால் முன்னவர் மலிவு என்று முடிவுகட்ட முடியாது. போர்ட்டிகோ முழுப் பரப்பாகக் கணக்கிடப்படுகிறதா பாதியாகவா, படிக்கட்டின் மேற்கூரை சேர்கிறதா, சம்ப், செப்டிக் டேங்க், மேல்நிலைத் தொட்டி, சுற்றுச்சுவர், போர்வெல் ஆகியவை உள்ளேயா வெளியேயா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கினால்தான் இரண்டு விலைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். பொருட்களின் அளவுப் பட்டியல் இல்லாத சதுர அடி ஒப்பந்தத்தில் பாதி விஷயம் வாய்ப்பேச்சாகவே நின்றுவிடும்.

இரண்டாவது வழி, ஆர்க்கிடெக்டை வடிவமைப்புக்கும் மேற்பார்வைக்கும் அமர்த்தி, கட்டும் வேலையை வேறொருவருக்குக் கொடுப்பது. 1972ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு பெற்றவர் மட்டுமே தம்மை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ள முடியும். இந்தச் சட்டம் பட்டப்பெயரைத்தான் காக்கிறது, பதிவு இல்லாதவர் வடிவமைப்பு வேலையே செய்யக் கூடாது என்று தடுப்பதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவுபடுத்தியது. ஆகவே பெயர்ப் பலகையில் ‘டிசைனர்ஸ்’, ‘பிளானர்ஸ்’ என்று இருப்பது எதையும் உறுதிசெய்யாது. சிஏ என்று தொடங்கும் பதிவு எண்ணைக் கேட்டு, கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்ப்பதே நம் பொறுப்பு. கவுன்சிலின் 1989ஆம் ஆண்டு நடத்தை விதிகள், வேலை பிடித்துத் தருவதற்காகக் கமிஷன் கொடுப்பதையும் வாங்குவதையும் தடை செய்கின்றன. டைல்ஸ் கடையையும் மர வியாபாரியையும் கைகாட்டும் எவரிடமும் இதை நினைவில் வைத்துக்கொண்டு பேசலாம்.

நல்ல ஆர்க்கிடெக்ட் என்ன தருகிறார் என்பதற்கு நம் ஊரிலிருந்தே ஓர் உதாரணம் சொல்லலாம். வாஸ்துப்படி பெரிய படுக்கையறையைக் கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில் வைக்கிறோம். சாயங்கால வெயில் முழுவதையும் வாங்குவது அந்த அறையின் மேற்குச் சுவர்தான். பகலில் குடித்த சூட்டை அது இரவில் உமிழ்கிறது. அதே திசையிலிருந்துதான் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்றும் வருகிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் நிற்கும் காற்றாலைகள் அதன் வேகத்துக்குச் சாட்சி. அறையை இடம் மாற்றாமலே, மேற்குச் சுவரை ஒட்டி அலமாரியை வைத்து வெயிலைத் தடுப்பதும், சன்னலுக்கு ஆழமான நிழல் கொடுப்பதும், காற்று உள்ளே வந்து வெளியேற எதிர்த்திறப்பு வைப்பதும் வரைபடத்தில் செய்யக்கூடிய வேலைகள். நம் பழைய தொட்டிக்கட்டு வீடுகள் நடுமுற்றத்தின் வழியாகச் செய்துவந்ததும் இதையே. கட்டி முடித்த பின் இவற்றைச் சேர்ப்பது கடினம், பெரும்பாலும் ஏசியைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.

ஆர்க்கிடெக்டின் கட்டணத்தைப் பொறுத்தவரை, 1,800 சதுர அடி வீடு, சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று கொண்டால் கட்டடச் செலவு 45 லட்சம். ஐந்து விழுக்காடு பேசினால் 2.25 லட்சம், அவர் ஜிஎஸ்டி பதிவு உள்ளவரானால் 18 விழுக்காடு சேர்ந்து 2,65,500 ரூபாய். செலவு கூடக் கூடக் கட்டணமும் கூடும் என்பதால், வீட்டுக்கு விழுக்காட்டு முறையைவிட மொத்தத் தொகையாகப் பேசிக்கொள்வதையே நான் விரும்புகிறேன். இந்த வழிக்கும் குறைகள் உண்டு. ஆர்க்கிடெக்ட் தூண், பீம் கணக்குப் போடுபவர் அல்லர். அதற்கு ஸ்ட்ரக்சுரல் பொறியாளர் தனியே வேண்டும். கோவையில் அலுவலகம் வைத்திருப்பவர் வெள்ளக்கோவிலில் நடக்கும் வேலைக்கு எத்தனை முறை வருவார் என்பதும் கேட்டே தீர வேண்டிய கேள்வி. முப்பரிமாணப் படத்தை மட்டும் காட்டிவிட்டு, வேலைக்கான விரிவான வரைபடங்களைத் தராதவரிடம் பணம் கொடுப்பது வீண்.

மூன்றாவது, சாவியைக் கையில் தருவதாகச் சொல்லும் மொத்த ஒப்பந்த நிறுவனங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வசதிதான். ஆனால் வரைபவரும் கட்டுபவரும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால், பொறியாளர் வழியில் சொன்ன அதே சிக்கல் பெரிய அளவில் இருக்கிறது. வெளியிலிருந்து ஒரு பொறியாளரை ஆய்வுக்கு மட்டும் அமர்த்தாமல் இதில் இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

வணிகக் கட்டடத்துக்கு வந்தால் தேர்வு மாறிவிடுகிறது. சிறு வீட்டுக்கு ஆர்க்கிடெக்ட் விருப்பம் என்றால், காம்ப்ளெக்ஸ், மருத்துவமனை, கல்யாண மண்டபம், பனியன் கம்பெனி ஆகியவற்றுக்கு அவரையே முதலில் தேட வேண்டும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இன்படி பக்க இடைவெளி, வாகன நிறுத்தம், மாற்றுத்திறனாளிகளுக்கான வழி எல்லாம் மனையின் மேல் ஒன்றோடொன்று மோதும், 18.30 மீட்டர் உயரத்தைத் தாண்டினால் அடுக்குமாடி உயர் கட்டடத்துக்கான விதிகள் வந்து சேரும். தொழிற்சாலையானால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் ஒப்புதலும் தேவை. இவற்றை வரையும்போதே தீர்க்காமல் விட்டவர்கள், வாடகைக்கு விட வேண்டிய தரைத்தளத்தைப் பின்னால் வாகன நிறுத்தமாக மாற்றிக் கொடுக்க நேர்கிறது. இன்னொன்றும் உண்டு: வீடு கட்டுவதில் குறை இருந்தால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஆணையத்துக்குப் போகலாம், வணிக நோக்கில் பெற்ற சேவைக்கு, சுயதொழிலால் பிழைப்பவர்களைத் தவிர, அந்தக் கதவு மூடியிருக்கிறது. வணிகக் கட்டடத்தில் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியும் அதிக எடை பெறுவது இதனால்தான்.

வீட்டுக்கு என் முடிவைக் கேட்டால், முதல் இரண்டையும் கலந்த வழியையே சொல்வேன். 2024 முதல், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் அமையும் தரைத்தள, முதல் தள வீடுகளுக்குச் சுயசான்று முறையில் உடனடி அனுமதி கிடைக்கிறது. முன்கூட்டியே பார்க்க அதிகாரி வராத நிலையில், சரியாக வரையவும் சரிபார்க்கவும் நமக்கென்று ஒருவர் இருப்பது முன்னைவிட அவசியம். ஆர்க்கிடெக்டிடம் முழு வரைபடத் தொகுதியையும், அடித்தளம், தூண் கம்பி, ஒவ்வொரு தளக் கான்கிரீட்டுக்கும் முந்தைய நாள், மின்குழாய், பூச்சு ஆகிய கட்டங்களில் நேரில் வருவதையும் மட்டும் பேசிக்கொண்டு, கட்டும் வேலையை உள்ளூர் பொறியாளரிடம் கொடுக்கலாம். தளக் கான்கிரீட்டுக்கான தவணையை, ஆர்க்கிடெக்ட் கம்பியைப் பார்த்துக் கையொப்பமிட்ட பிறகே ஒப்பந்ததாரருக்குத் தர வேண்டும் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.