பான் அமெரிக்கனா, ஏஎச் 1-ஆ? வண்டி எடுத்தா எதுல போலாம்

ரெண்டுமே பல நாடு தாண்டுற ரோடு. பான் அமெரிக்கன் அலாஸ்காவோட ப்ரூடோ பேல ஆரம்பிச்சு அர்ஜென்டினா உஷுவாயா வரைக்கும், சுமார் 30,000 கி.மீ. ஏஎச் 1-ங்கற ஏசியன் ஹைவே 1 டோக்கியோவுல இருந்து துருக்கி - பல்கேரியா பார்டர்ல இருக்கற கபிகுலே வரைக்கும், 20,557 கி.மீ. தூரத்த வெச்சு பாத்தா ஏஎச் 1 தான் ஈஸின்னு தோணும், ஆனா பிளான் போட உக்காந்தா தலைகீழ்.

பான் அமெரிக்கன்ல அறுந்து கிடக்கறது ஒரே இடம், டேரியன் காடு. பனாமாவுல யவீசாங்கற ஊரோட ரோடு முடிஞ்சுடும், அதுக்கு மேல ஆறும் படகும் தான், கொலம்பியா பக்கம் திரும்ப ரோடு கிடைக்க 100 கி.மீ. போல சதுப்பும் காடும். ரோடு போட்டா காடு அழியும், பூர்வகுடிகள் வாழ்க்கை போயிடும், தெற்கேருந்து மாட்டுக்கு கோமாரி நோய் மேல ஏறிடும்னு எதிர்ப்பு, அதனால போடவே இல்ல, என்ன கேட்டா அது சரிதான். ஆனா இதுக்கு வழி இருக்கு: பனாமா போலீஸ் சேசிஸ் நம்பர் செக் பண்ணி பேப்பர் குடுத்ததும் கோலோன் துறைமுகத்துல கன்டெய்னர்ல ஏத்திவிட்டா கொலம்பியாவோட கார்டஹேனாவுல இறக்கிக்கலாம், 40 அடி கன்டெய்னர ரெண்டு வண்டிக்காரங்க பங்கு போட்டா செலவும் குறையும்.

ஏஎச் 1-ல காடு பிரச்சினையே இல்ல, பார்டர் தான் பிரச்சினை. தென் கொரியாவுல புசான்ல இருந்து சியோல் போனா அதுக்கு மேல வட கொரியா, சொந்த வண்டியில தாண்ட முடியாது. சீனாவுல லோக்கல் லைசென்ஸ், கூடவே ஒரு கைடு. மியான்மர்ல 2021-லேருந்து சண்டை. 2025 ஏப்ரல்ல இந்தியா - பாகிஸ்தான் பார்டர்ல இருக்கற அட்டாரி செக்போஸ்டையும் மூடினாங்க. ஈரானுக்கும் பாகிஸ்தானுக்கும் கார்னெட் (வரி கட்டாம வண்டிய தற்காலிகமா உள்ள கொண்டு போக விடற சுங்க பேப்பர்) வேணும், அதுக்கு டெபாசிட்டே பெரிய தொகை.

இருந்தாலும் மனசு ஏஎச் 1 பக்கம் தான் போகுது, காரணம் மணிப்பூர்ல இருக்கற மோரே. 1960கள்ல பர்மாவ விட்டு வந்த தமிழங்க, தரை வழியா திரும்பிப் போகப் பாத்து முடியாம அந்த எல்லையிலயே தங்கி, அங்காள பரமேஸ்வரிக்கு கோயிலும் கட்டிட்டாங்க. ஏஎச் 1 அந்த ஊர் வழியா தான் மியான்மர் பக்கம் இருக்கற தமு போகுது.

ஆனா இன்னைக்கு கிளம்பறதுனா பான் அமெரிக்கன் தான். கார்னெட் டெபாசிட்டுக்கு அலையறத விட்டுட்டு ஆறு மாசம் ஸ்பானிஷ் கத்துக்கங்க, மெக்சிகோல இருந்து உஷுவாயா வரைக்கும் பார்டர் ஆபீசர் கிட்ட அதுதான் பேசணும்.