பழைய ஃபிளாட்டை விற்கும் முன்: எந்த வேலைக்குக் காசு போடலாம், எதை விட்டுவிடலாம்?

சென்னையில் இருபது, இருபத்தைந்து வருடமான இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டை விற்க முடிவானதும் வீட்டில் முதலில் எழும் பேச்சு பெயிண்டிங்தான். வீடு பார்க்க வருகிறவர்களின் கண்ணோ நேராகச் சீலிங் மூலைக்குப் போகும். அடுத்து, பாத்ரூமை ஒட்டிய பெட்ரூம் சுவரின் அடிப்பாகத்துக்கு. பிறகு குழாயைத் திறந்து பார்ப்பார்கள். 2015 வெள்ளத்தையும் 2019 தண்ணீர்ப் பஞ்சத்தையும் பார்த்த ஊர் இது. அதனால் கையில் இருக்கும் பணம் முதலில் போக வேண்டியது தண்ணீர் சம்பந்தப்பட்ட வேலைக்கு. அழகு வேலையெல்லாம் மிச்சப் பணத்தில்தான்.

உடனே பெயிண்டா, ஓதம் போக்கிவிட்டுப் பெயிண்டா?

ஓதம் ஏறிய சுவரில் நேரே பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் இரண்டு வாரம் பளிச்சென்று இருக்கும். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழி தேடும்போது சுவரின் உப்பையும் கூடவே இழுத்து வரும். பெயிண்ட் கொப்புளித்து, பட்டியோடு உதிரும். பேச்சுவார்த்தை நடுவில் இருக்கும்போது இப்படி ஆனால், வாங்குபவர் அந்தச் சுவரை மட்டுமல்ல, நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் சந்தேகப்படுவார். சட்டப்படியும் இது தப்பு: சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத, விற்பவருக்கு மட்டும் தெரிந்த முக்கியக் குறையைச் சொல்லியாக வேண்டும் என்கிறது 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளச் செலவில்லாத சோதனைகள் உண்டு. ஓர் அடிக்கு ஓர் அடி பாலிதீன் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் நீர் கோத்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் மட்டும் என்றால் அறைக் காற்றின் ஈரம்; ஜன்னலைத் திறந்து வைத்தாலே போதும். பாத்ரூம் சுவர் என்றால் அந்தப் பாத்ரூமை நாலைந்து நாள் பயன்படுத்தாமல் பூட்டிவையுங்கள். அப்போதும் ஈரம் குறையவில்லையென்றால், எப்போதும் தண்ணீர் நிற்கிற உள்குழாயில் கசிவு இருக்கலாம்; பிளம்பர் வேலை. காய்ந்துகொண்டு வந்தால் தரை டைல்ஸ் இடுக்கு வழியே கசிகிறது, அல்லது நஹானி ட்ராப்பைச் (தரைத் தண்ணீர் வடியும் ஓட்டைக்கு அடியில், நீர் தேங்கி நிற்கும் கிண்ணம்) சுற்றிய பூச்சு வழியே.

இடுக்குதான் என்றால் வெள்ளை சிமெண்டை மறுபடி தேய்ப்பதைவிட எபாக்ஸி கிரவுட் (இடுக்கை நிரப்பும் பிசின் கலவை) மேல். பழையதை 2–3 மில்லிமீட்டர் ஆழம் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு நிரப்ப வேண்டும். ஈரத்தின் மேல் போட்டால் பிடிக்காது. அதன் பிறகு ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படக்கூடாது.

கசிவு நின்ற பிறகும் அரித்த பூச்சை அப்படியே விடக்கூடாது. ஈரக்கோட்டுக்கு ஓர் அடி மேல்வரை செங்கல் தெரியக் கொத்திவிட்டுப் பூச வேண்டும். புதுப் பூச்சு பெயிண்டுக்குத் தயாராக நாலு வாரம் ஆகும். ஆகவே வீட்டைக் காட்டத் தொடங்கும் நாளுக்கு இரண்டு மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். வடகிழக்குப் பருவமழைக்குள் மாட்டினால் பூச்சு காயவே காயாது. கோடையில் தொடங்குவதே நல்லது.

டிஸ்டெம்பரா, எமல்ஷனா?

இந்த இரண்டு வகைச் சுவர்ப் பெயிண்டில் எமல்ஷன்தான்; அதில் சாதாரண ரகமே போதும். டிஸ்டெம்பரில் கை வைத்தால் மாவு ஒட்டும், துடைத்தால் கறை பரவும். கூலி இரண்டுக்கும் பெரிதாக மாறாது என்பதால் மிச்சமும் சொற்பம். 900 சதுர அடி கார்ப்பெட் ஏரியாவுக்கு (வீட்டுக்குள் புழங்கும் தரைப்பரப்பு) சுவரும் சீலிங்கும் சேர்ந்து சுமார் 3,000 சதுர அடி வரும். லிட்டருக்கு இரண்டு கோட்டில் 60 சதுர அடி என்று கணக்கிட்டால் 50 லிட்டர்.

பழைய பெயிண்ட் உறுதியாக இருந்தால் வீடு முழுக்கப் பட்டி வேண்டாம். ஆணி ஓட்டையும் விரிசலும் உள்ள இடத்தில் மட்டும் பட்டி வைத்து, தேய்த்து, அந்த இடத்துக்குப் பிரைமர் (பெயிண்டுக்கு அடிப்பூச்சு) கொடுங்கள். பிரைமரை விட்டால் பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒவ்வோர் ஒட்டும் தீவு தீவாகத் தெரியும். அதே ஷேடு நம்பரை வாங்கி நடுவில் மட்டும் தொடுவதும் பலிக்காது, பழையது வெளுத்திருக்கும். மூலையிலிருந்து மூலைவரை ஒரு சுவரை முழுதாக அடிக்க வேண்டும்.

மொசைக்கைப் பாலிஷ் போடலாமா, மேலே டைல்ஸ் ஒட்டலாமா?

பெரும்பாலான வீடுகளுக்குப் பாலிஷே சரி. மேலே டைல்ஸ் ஒட்டினால் பசையும் டைல்ஸும் சேர்ந்து தரை 12–16 மில்லிமீட்டர் உயரும். எல்லாக் கதவையும் அடியில் இழைக்க வேண்டும். அறைக்கும் பால்கனிக்கும் இருந்த இறக்கம் குறைவதால் சாரல் உள்ளே வரும். இவ்வளவும் செய்து நீங்கள் தேர்ந்தெடுத்த டைல்ஸ் வாங்குபவருக்குப் பிடிக்காமலும் போகலாம். தரை ஆங்காங்கே இறங்கி, தட்டினால் வெற்றுச் சத்தம் கேட்டால் மட்டும் கதை வேறு. அப்போதும் நீங்களே போடுவதைவிட, விலையில் விட்டுக்கொடுப்பதுதான் இரு தரப்புக்கும் நல்லது.

பாலிஷில் கரடுமுரடான கல்லில் தொடங்கி 120, 320 நம்பர் என்று நைசான கல்லுக்குப் போவார்கள். முதல் தேய்ப்புக்குப் பின் தரையின் நிறத்துக்கு ஏற்ற சிமெண்ட் பாலால் நுண்துளைகளை அடைக்கச் சொல்லுங்கள்; அவசரத்தில் விட்டுவிடுகிற படி இதுதான். கடைசியில் ஆக்ஸாலிக் பவுடர். தேய்க்கும்போது வரும் சேற்றை நஹானியில் தள்ள விடாதீர்கள். உள்ளே இறுகிக் குழாயை அடைத்துவிடும். சுவரிலும் தெறிக்கும் என்பதால் பெயிண்டிங்குக்கு முன்பே முடிக்க வேண்டும். கறையெடுக்க மொசைக்கில் பாத்ரூம் ஆசிட் ஊற்றவே கூடாது. சலவைக்கல் சில்லுகளை அது கரைத்து, தரையைச் சொரசொரப்பாக்கிவிடும்.

சமையலறையில் புது மாடுலர் வேண்டாம். வாங்குபவர் எப்படியும் மாற்றுவார். ஒழுகும் குழாய், தொங்கும் கப்போர்டு கதவு, கருகிய ஸ்விட்ச், இம்மூன்றும் சரியாக இருந்தால் போதும்.

காலி வீடா, குடியிருக்கும் வீடா?

குடியிருக்கும் வீட்டில் கட்டில் போட்டால் எவ்வளவு இடம் மிஞ்சும் என்பது பார்த்ததும் புரியும். துணிக்கொடியும் பரண் மூட்டைகளும் அந்த நன்மையைக் கெடுக்கும். அதிலும் பால்கனியை அடைத்து வைத்தால் வெளிச்சமே போய்விடும். வாடகைக்கு விட்ட வீடானால் குடியிருப்பவரிடம் முன்பே பேசி, வாரத்தில் ஒரே நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை தோதானது. அன்று மாலை 4:30 முதல் 6 வரை ராகுகாலம், பலர் வரமாட்டார்கள்.

காலி வீட்டுக்கு வேறு தொல்லை. நஹானி ட்ராப்பில் நிற்கும் நீர் சில வாரத்தில் வற்றிவிடும். அந்த வழியே சாக்கடை நாற்றமும் கரப்பானும் ஏறிவரும். ஆளில்லாத வீட்டின் நாற்றத்துக்கு ரூம் ஸ்பிரே மருந்தல்ல. வாரம் ஒருமுறை ஒவ்வொரு ட்ராப்பிலும் இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றி, வெஸ்டர்ன் டாய்லெட்டை ஒருமுறை ஃப்ளஷ் செய்தால் தீரும். பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் உள்ள வீட்டில் நாள்பட நின்ற நீர் துருநிறத்தில் வரும். ஆட்கள் வருவதற்கு முன் எல்லாக் குழாயையும் பத்து நிமிடம் ஓடவிட்டு, தெளிந்த நீர் வந்த பிறகே கதவைத் திறந்து வையுங்கள்.