மூன்று வருடமாகத் தலையில் சொட்டிய கூடாரம்

கொட்டகலை நண்பன் கேட்டான்: "மச்சான், உங்கள் வீட்டில் போட்ட மாதிரி செடி வளர்க்கப் பொலித்தீன் கூடாரம் நானும் போடட்டுமா?" போன வாரம்தான் எங்கள் கூடாரத்துக்குப் புதுப் பொலித்தீன் மாற்றினோம். அந்தச் சூடு ஆறுமுன் எழுதுகிறேன்.

வீடு நுவரெலியாவுக்குப் பக்கத்தில், கந்தப்பளையில். 20 அடிக்கு 10 அடி, இரும்புக் குழாய் வளைவு, 200 மைக்ரோன் தடிப்புப் பொலித்தீன். எனக்கு வேலை கொழும்பில், பராமரிப்பு முழுக்க அப்பா.

இந்தப் பொங்கலுக்கு இரவு பஸ்ஸில் வந்து, விடியும் நேரத்தில் படியேறினேன். புல்லெல்லாம் உப்புத் தூவினது போல உறைபனி. வெளியே நின்ற உருளைக்கிழங்குச் செடி, வெயில் ஏறியதும் வெந்த கீரையாகத் தொங்கிவிட்டது. பையை இறக்காமலே கூடாரத்துக்குள் போனேன். தக்காளி என் தோள் உயரம்! கீழே சலாது, மல்லி, ஓரத்தில் அம்மாவின் ஜெரேனியம். இலையைத் தொட்ட விரலில் தக்காளி வாசம், தேத்தண்ணி குடித்து முடித்த பிறகும் போகவில்லை. மூன்று மாதமாக மண்ணையே தொடாமல் இருந்துவிட்டு வந்தவனுக்கு, அங்கிருந்து வெளியே வர மனமில்லை.

ஒன்றைச் சொல்ல வேண்டும். பொலித்தீன் மட்டும் உறைபனியைத் தடுக்காது. மேகமில்லாத இரவில் மண்ணின் சூடு அதன் வழியே வானத்துக்குப் போய்விடும். அதனால் அம்மா உள்ளே கம்பியில் பழைய சேலைகளை விரித்துச் செடிகளை மூடுவார். பாதிப் பெருமை அந்தச் சேலைகளுக்குத்தான்.

சரி, இப்போது என் கோபம். இரவில் பொலித்தீனின் உட்புறம் வியர்க்கும். காலையில் அத்தனையும் மழை மாதிரிச் சொட்டும். ஈர இலையில் கருந்திட்டு விழும், தண்டு அழுகும். இரண்டு போகம் தக்காளி இப்படியே போனது. இந்த ஊர்க் குளிருக்கு இதுதான் விதி என்று அப்பா பொறுத்துக்கொண்டார்.

புதுச் சுருளைப் பிரித்தால், எந்தப் பக்கம் உள்ளே வரவேண்டும் என்று விளிம்பில் அச்சடித்திருக்கிறது. அந்தப் பக்கத்தில் நீர் துளியாகத் திரளாது, படலமாகப் படர்ந்து ஓரமாக வழிந்துவிடும். மண்ணில் புதைத்திருந்த பழைய விளிம்பைத் தோண்டிப் பார்த்தேன். அதே எழுத்து. வெளிப்பக்கம்! போட்டுக் கொடுத்தவர் மாற்றிப் போட்டிருக்கிறார். "விடுப்பா, இனி என்ன செய்ய" என்றார் அப்பா. என்னால் விட முடியவில்லை.

குழாய்கள் ஆடிக் காற்றுக்கும் அசையவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். நேற்று அப்பா போன் செய்தார். தலையில் ஒரு சொட்டு விழவில்லையாம். கேட்கக் கேட்க அந்த இரண்டு போகம்தான் கண்ணில் நின்றது.

நண்பனுக்கு வேண்டாம் என்றே எழுதினேன். கொட்டகலையில் எங்கள் அளவுக்கு உறைபனி விழாது. அதோடு உள்ளே காற்றுப் போக, தினம் காலையில் கூடாரத்தின் பக்கத் திரையைச் சுருட்டி விட வீட்டில் ஆள் வேண்டும். அவன் வீட்டில் எல்லோரும் ஏழு மணிக்கே வேலைக்குப் போய்விடுகிறார்கள்.