டிஷ்வாஷர் அடுக்குவதில் எங்கள் வீட்டு இரண்டு கட்சிகள்

டிஷ்வாஷரில் பாத்திரம் அடுக்குவதில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. நான் ஒன்று, என் கணவர் எதிர்க்கட்சி. அவர் அடுக்கிவிட்டுப் போனதும் நான் திறந்து மாற்றி வைப்பேன். நான் நகர்ந்ததும் அவர் வந்து பழையபடி வைப்பார். இதற்கு ஒரு முடிவு கட்டலாம் என்று, சில வாரம் அவர் முறையில் ஒருநாள், என் முறையில் ஒருநாள் என்று ஓட்டிப் பார்த்தோம். எல்லாவற்றிலும் நான் ஜெயிக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மெஷினுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். இது தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்துப் பாத்திரங்களை மூழ்கடிப்பதில்லை. அடியில் சில லிட்டர்தான் நிற்கும். அதையே பம்ப் இழுத்து, சுழலும் கைகளில் உள்ள துளைகள் வழியாகப் பீய்ச்சுகிறது. வடிந்தது ஃபில்டரைத் தாண்டி மறுபடி மேலே போகிறது. பெரும்பாலான மெஷின்களில் அந்தக் கைகளைச் சுற்ற மோட்டார்கூடக் கிடையாது. சாய்ந்த துளைகளில் தண்ணீர் பாயும் வேகமே கையை எதிர்ப்பக்கம் தள்ளிச் சுழற்றிவிடும். உள்ளே தேய்க்க ஆள் இல்லை. தண்ணீர் நேராகப் போய் அடித்தால் அழுக்கு போகும், நடுவில் இன்னொரு பாத்திரம் மறித்தால் போகாது.

1886-இல் அமெரிக்காவில் ஜோசஃபின் காக்ரேன் காப்புரிமை பெற்ற இயந்திரமும் இதே யோசனையில் பிறந்ததுதான். தட்டுகளுக்கும் கோப்பைகளுக்கும் அளவெடுத்துச் செய்த கம்பிச் சட்டங்களில் பாத்திரத்தை அசையாமல் நிறுத்தி, சூடான சோப்புத் தண்ணீரை அதன்மேல் பாய்ச்சினார். ஆக, அடுக்குவது பற்றிய கவலை இந்த மெஷினுக்குக் கூடப்பிறந்தது.

அலசி வைப்பதா, வழித்து வைப்பதா?

பெரிய சண்டையே இதில்தான். அவர் ஒவ்வொரு தட்டையும் குழாயடியில் பளிச்சென்று அலசித்தான் உள்ளே வைப்பார். ‘அப்புறம் மெஷின் எதற்கு?’ என்பது என் கேள்வி. மிச்சத்தை ஒரு ஸ்பூனால் வழித்துக் குப்பையில் போட்டுவிட்டு அப்படியே வைப்பேன்.

ஒரே வேளையில் சாப்பிட்ட தட்டுகளில் பாதியை அவர் அலசினார், பாதியை நான் வழித்தேன். கழுவி வெளியே எடுத்தபோது எது யாருடையது என்று இருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. காரணம் டிடர்ஜென்டில் இருக்கிறது. மாவுச்சத்தையும் புரதத்தையும் உடைக்கும் என்சைம்கள் இப்போதைய பெரும்பாலான டிடர்ஜென்ட்களில் உண்டு. கறை கொஞ்சம் ஒட்டியிருந்தால் அவை பார்த்துக்கொள்ளும். இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஆட்டோ புரோகிராம் உள்ள பல மெஷின்களில் தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று ஒளியை வைத்துப் பார்க்கும் சென்சார் இருக்கும். எல்லாவற்றையும் அலசி வைத்தால் தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்று நம்பி அது வேலையைச் சுருக்கிக்கொள்ளும். நடுவில் அடிப்பிடித்த ஒரு பாத்திரம் இருந்தால் அதன் பாடு திண்டாட்டம்தான்.

ஆனால் அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. கருகி அடியில் பிடித்ததை எந்த மெஷினும் எடுக்காது, ஊறவைத்துச் சுரண்டத்தான் வேண்டும். பாத்திரம் சேர்ந்து மெஷின் நிறைய இரண்டு நாள் ஆகும் என்றாலும் எல்லாம் காய்ந்து இறுகிவிடும், நாற்றமும் வரும். அப்போது வெறும் அலசலுக்கென்றே இருக்கும் குறுகிய புரோகிராமை ஒருமுறை ஓட்டிவிடலாம். நானும் ஒருமுறை மாட்டியிருக்கிறேன். காலி பாட்டிலின் லேபிளை உரிக்காமல் உள்ளே வைத்தேன். காகிதம் ஊறிக் கூழாகி ஃபில்டரில் அப்பிக்கொண்டது. அன்று டம்ளர்கள் எல்லாம் மணல் தடவியது போல நரநரவென்று வந்தன. ஃபில்டரைக் கழற்றிப் பழைய டூத் பிரஷ் வைத்துத் தேய்த்தது நான்தான், அவர் வேடிக்கை பார்த்தார்.

ஸ்பூன்கள்: கூடையா, ட்ரேயா?

அவர் ஸ்பூனோடு ஸ்பூன், ஃபோர்க்கோடு ஃபோர்க் என்று இனம் பிரித்துக் கூடையில் போடுவார். எடுக்கும்போது ஒரே பிடியில் அள்ளி டிராயரில் போட்டுவிடலாம், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரே அளவு ஸ்பூன்கள் ஒன்றின் முதுகில் இன்னொன்று அப்படியே படிந்துகொள்ளும். ஒருநாள் பளபளவென்று இருந்த இரண்டைப் பிரித்துப் பார்த்தேன். நடுவில் முந்தைய நாள் சாப்பாடு வட்டமாக, பழுப்பாக, அச்சு வார்த்தது போல உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து கலந்துதான் போடுகிறோம்.

தலை மேலேயா, பிடி மேலேயா என்பதில் இன்னும் உடன்பாடு இல்லை. தலை மேலே இருந்தால் தண்ணீர் நன்றாகப் படும். பிடி மேலே இருந்தால் வாயில் வைக்கும் பக்கத்தைத் தொடாமல் எடுக்கலாம். என் ஓட்டு தலை மேலே, எடுக்கும் முன் கையைக் கழுவிக்கொண்டால் போயிற்று. கத்திக்கு மட்டும் இந்த வாதம் வேண்டாம், முனை கீழே பார்த்துத்தான் இருக்க வேண்டும்.

சில மெஷின்களில் கூடைக்குப் பதில் உச்சியில் ஒரு தட்டையான ட்ரே வருகிறது. சுத்தம் என்று மட்டும் பார்த்தால் அதற்கே முதலிடம், ஒவ்வொன்றும் தனித்தனியாகப் படுத்திருக்கும். ஆனால் ஒவ்வொன்றாக அடுக்கப் பொறுமை வேண்டும், அதற்குக் கீழே உயரமான கிளாஸ் வைக்க இடமும் குறையும். பொறுமைசாலிகள் ட்ரே உள்ளதை வாங்கலாம். நாங்கள் கூடைக்காரர்கள்.

தட்டுகள் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

நடுவைப் பார்த்து இருக்க வேண்டும் என்பது என் கட்சி, எல்லாம் ஒரே பக்கம் என்பது அவர் கட்சி. முடிவு டிரா. தட்டைத் தாங்கும் கம்பிகளே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அதன் போக்கில்தான் விட வேண்டும். திசையைவிட இடைவெளிதான் பெரிய வித்தியாசம் காட்டியது. ஒரு பள்ளத்தில் இரண்டு தட்டைத் திணித்தால் எந்தப் பக்கம் பார்த்தும் பயனில்லை. நெருக்கமாக இருந்தால் பெரிய தட்டு, சின்ன தட்டு என்று மாற்றி மாற்றி வைப்பேன், தண்ணீர் புகச் சந்து கிடைக்கும்.

கிண்ணங்களை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி வைப்பது அவர் வழக்கம். இதில் அவருக்குச் சுத்தமாகத் தோல்வி, மேலே இருந்ததில் தண்ணீரே படவில்லை. கோப்பைகளைக் கொஞ்சம் சாய்த்துக் கவிழ்க்க வேண்டும், இல்லாவிட்டால் அடிப்பள்ளத்தில் குளம் கட்டும். கீழடுக்கை முதலில் காலி செய்ய வேண்டும் என்பது அவர் கண்டுபிடிப்பு, இதை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். மேலடுக்கை முதலில் இழுத்தால் அந்தக் குளமெல்லாம் கீழே காய்ந்திருக்கும் தட்டுகளின் மேல் கொட்டும்.

பெரிய பாத்திரம்: நடுவிலா, ஓரத்திலா?

நடுவில் கவிழ்த்தால் கீழ்க் கையின் தண்ணீர் மேலே போகாமல் குடை பிடித்தது போல ஆகிவிடும். ஓரமாகச் சாய்த்து வைப்பதே மேல். ஓரம் என்றாலும் கதவுப்பக்கம் மட்டும் வேண்டாம். ஒருமுறை நீளமான பேக்கிங் ட்ரேயைக் கதவை ஒட்டி நிறுத்தினேன். சோப்புப் பெட்டியின் மூடி திறக்க இடமில்லை. இரண்டரை மணி நேரம் ஓடி முடிந்த பின் திறந்தால், டேப்லெட் பாதி கரைந்து பெட்டிக்குள்ளேயே பசையாக இருந்தது. இப்போது மூடும் முன் மேல்கை, கீழ்கை இரண்டையும் விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பேன். நீட்டிக்கொண்டிருக்கும் கரண்டிக்காம்பு எதிலாவது ‘டக்’ என்று இடித்தால் உடனே தெரிந்துவிடும்.

பிளாஸ்டிக் மேலடுக்கில். சூடேற்றும் கம்பி அடியில் வெளியே தெரியும் மெஷின்களில் கீழே வைத்தால் நெளிந்துவிடும். எங்கே வைத்தாலும் அது சரியாகக் காயாது, சூட்டைப் பிடித்துவைக்கும் சக்தி அதற்குக் குறைவு. மரக்கரண்டி, வார்ப்பிரும்பு, பூச்சில்லாத அலுமினியம் எதற்கும் உள்ளே இடமில்லை. மரம் வெடிக்கும், இரும்பு துரு பிடிக்கும், அலுமினியம் கருத்துப்போகும். இதில் மட்டும் இரு கட்சிகளும் ஒரே கூட்டணி.

இப்போது அவரும் தட்டுகளை வழித்துத்தான் வைக்கிறார். தன் காபி கப்பை மட்டும் யாரும் பார்க்காதபோது குழாயடியில் அலசிவிட்டு வைக்கிறார். நானும் பார்க்காதது போல இருந்துவிடுகிறேன்.