ஹெரால்டோடு பதினேழு வருடம்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1965-ல் பதிவான வண்டி. இரண்டு கதவு, வெளிர்நீல நிறம், எம்-மில் தொடங்கும் மூன்றெழுத்துப் பழைய நம்பர். மதுரை பீபீகுளத்தில் ஒரு டாக்டர் வீட்டுக் கொட்டகையில் பல வருடம் ஓடாமல் நின்றதை 2008-ல் வாங்கினேன். அதிலிருந்து இன்றுவரை நாற்பதாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே ஓட்டியிருக்கிறேன். காய்கறிக்கும் இதில்தான் போகிறேன், கொடைக்கானலுக்கும் இதில்தான் போகிறேன். பழைய வண்டி வாங்கும் ஆசையில் என்னிடம் வந்து கேட்பவர்களுக்கு வாயால் சொல்லிவந்ததை இப்போது எழுதிவைக்கிறேன்.

அந்தக் காலத்தில் நம் நாட்டில் வாங்கக் கிடைத்த கார்கள் மூன்றுதான். கல்கத்தாப் பக்கம் உத்தரபாராவிலிருந்து அம்பாசடர், பம்பாயிலிருந்து பியட், சென்னையை அடுத்த பெருங்களத்தூரிலிருந்து ஹெரால்டு. ஆக, இது நம்மூர் வண்டி. இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ப் ஹெரால்டு என்று வந்ததை, 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இங்கே செய்தது. வடிவம் போட்டவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி. அம்பாசடர் உருண்டு திரண்டு நிற்கும். இது நறுக்கென்று மடித்த வேட்டி மாதிரி கோடும் மூலையுமாக இருக்கும். பின்னால் நான்கு கதவு ஹெரால்டும் வந்தது, அதை இந்தியாவில் மட்டும்தான் செய்தார்கள். எனக்கு இரண்டு கதவுதான் அழகு.

இந்த வண்டியின் குணத்தைப் புரிந்துகொள்ள ஒரு பழைய கதை தெரிந்திருக்க வேண்டும். ஐம்பதுகளில் மற்ற கார்கள் எல்லாம் அடிச்சட்டம் இல்லாமல், முழு உடலையும் ஒரே கூடாக வெல்டிங் செய்யும் முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்டு-டிரையம்ப் கம்பெனிக்கு உடல் செய்து தந்த தொழிற்சாலையைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் தனிச் சேசிஸ் போட்டு, அதன் மேல் உடலைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட்டால் பூட்டினார்கள். அன்றைக்கு அது பழைய பாணிதான். ஆனால் அறுபது வருடம் கழித்து மதுரையில் ஒரு டிங்கர் கடையில் நின்று பார்க்கும்போது, அந்த நெருக்கடிக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது. துருப்பிடித்த துண்டை மட்டும் கழற்றி வேலை பார்க்கலாம். பின்பகுதியை 2012-ல் மொத்தமாகத் தூக்கி வைத்து, அடிச்சட்டத்தின் பக்கக் கைகளில் அரித்துப்போன நான்கு இடங்களை வெட்டிப் புதுத் தகடு வைத்தோம். இதே வேலையை ஒரே கூடாகச் செய்த வண்டியில் பார்ப்பது எவ்வளவு பாடு என்று டிங்கர் வேலை தெரிந்த யாரையும் கேட்டுப்பாருங்கள்.

அப்புறம் அந்த பானெட். பக்கத்துக்கு ஒன்றாக, முன்சக்கரத்துக்குப் பின்னால் இரண்டு கொக்கிகள் இருக்கும். இரண்டையும் விடுவித்துப் பின்விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் பானெட், மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து வண்டியின் முகமே முன்பக்கமாகக் கவிழ்ந்துகொள்ளும். என்ஜின், ஸ்டியரிங், முன் சஸ்பென்ஷன் என எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். நான் முன்டயரின் மேல் உட்கார்ந்துதான் பிளக் கழற்றுகிறேன். குனியவும் வேண்டாம், படுக்கவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி டம்ளரை ஏர் கிளீனர் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிளக்குக்கு மின்பொறி அனுப்பும் பாயிண்டைத் திறந்து, உப்புத்தாளால் கரியைத் தேய்த்து, இடைவெளி சரிபார்த்து மூட இருபது நிமிடம் போதும். தன்னைத் தொடச் சொல்லிக் கூப்பிடும் கார் இது. தொட மனமில்லாதவர்கள் வாங்க வேண்டாம்.

தொடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 2011-ல் பார்த்தேன். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் கீழ்முனையில் மரை இருக்கும். அந்த மரை ஒரு வெண்கலக் கட்டைக்குள் இறங்கி நிற்கும். அதற்குப் பெயர் ட்ரன்னியன். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையில்தான் சுழல்கிறது. அதற்குள் போக வேண்டியது தொண்ணூறு நம்பர் கியர் ஆயில். வாங்கிய புதிதில் எனக்கு இது தெரியாது. சர்வீஸுக்கு விட்ட இடத்தில் எல்லா நிப்பிளுக்கும் அடிப்பது போல இதற்கும் கிரீஸ் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது, நாளாவட்டத்தில் இறுகி வழியை அடைத்துக்கொள்ளும். அடியில் மழைத் தண்ணீர் தங்கி இரும்பைத் தின்றிருக்கிறது. நரிமேட்டில் ஒரு தெருவுக்குள் நடை வேகத்தில் முழுதாக ஒடித்துத் திருப்பும்போது இடதுபக்கம் 'டக்' என்று ஒரு சத்தம். சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்து, மட்கார்டு டயர் மேல் உட்கார்ந்துவிட்டது. பக்கத்தில் என் மகள், அப்போது அவளுக்கு ஆறு வயது. அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் நான்கு வழிச்சாலையில் எழுபது கிலோமீட்டர் வேகத்தில் வந்திருந்தோம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

உடைந்த தண்டை மேஸ்திரி கையில் வாங்கிப் பார்த்தார். எழுபது வயதுக்காரர், பஸ் கம்பெனி ஷெட்டில் பையனாகச் சேர்ந்து தொழில் கற்றவர். 1911-லேயே டி.வி. சுந்தரம் அய்யங்கார் மோட்டார் தொழில் தொடங்கிய ஊர் இது, அப்படி ஷெட்டில் வளர்ந்த கைகள் இங்கே இன்னும் சில மிச்சமிருக்கின்றன. உடைந்த முகத்தை விரலால் தடவிக் காட்டினார். முக்கால்வாசி கறுத்த பழைய துரு, ஓரத்தில் மட்டும் பளபளவென்று புது முறிவு. "பாருங்க தம்பி, இது இன்னைக்கு ஒடிஞ்சதில்ல. ஒரு வருசமா ஒடிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு" என்றார். இந்தப் பாகத்தை டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் காருக்கும் போட்டிருந்ததால் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் வரவழைத்தேன். அதிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பழைய எண்ணெய் வெளியே பிதுங்கும் வரை நானே ஆயில் அடிக்கிறேன். அந்த வேலையை வேறு யாரிடமும் கொடுப்பதில்லை.

ஓட்டுவதற்கு எப்படி? என்ஜின் 948 சிசி, ஏறக்குறைய 35 குதிரைத்திறன். அவசரம் இல்லாதவருக்குப் போதும். ஊருக்குள் லிட்டருக்குப் பத்து, பதினொன்று கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் அறுபதைத் தாண்டாமல் போனால் பதினாலு. ஆனால் இதன் திருப்பத்துக்கு ஈடு கிடையாது. இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும், லண்டன் டாக்ஸிக்குச் சமம். விளக்குத்தூண் பக்கத்துச் சந்துகளில் அம்பாசடர் இரண்டு தடவை ரிவர்ஸ் எடுக்கும் இடத்தில் இது ஒரே வீச்சில் திரும்பும். அந்தக் காலத்து டாக்டர்கள் இதை விரும்பியதற்கு, ராத்திரியில் எந்தச் சந்துக்குள் கூப்பிட்டாலும் போய்த் திரும்பலாம் என்பது ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மலையில் ஓட்டுவது தனிப் பாடம். பின்பக்கம் குறுக்காக ஒரே ஒரு கமான் பட்டைதான் (லீஃப் ஸ்பிரிங்), இரண்டு சக்கரமும் அதில்தான் தொங்குகின்றன. ஜாக்கி வைத்துத் தூக்கினால் சக்கரங்கள் அடிப்பக்கமாக உள்ளே மடங்கி நிற்பதைப் பார்க்கலாம். வளைவுக்குள் வேகமாக நுழைந்துவிட்டுப் பயந்துபோய் சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் இதே மடங்கல் சாலையிலும் நடக்கும், பின்பக்கம் வெளியே வீசும். அதனால் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உள்ளே நுழைந்தபின் காலை லேசாக அழுத்தியபடியே வெளியேற வேண்டும். முதல் கியருக்கு சிங்க்ரோ, அதாவது கியர் உரசாமல் விழ வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் அமைப்பு, இல்லை. வத்தலகுண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறும்போது, கொண்டையூசி வளைவில் பஸ் எதிரே வந்து ஒதுங்கினால், கிளட்சை விட்டு நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு தட்டி, மறுபடி கிளட்சை மிதித்து இரட்டைக் கிளட்ச் போட்டால்தான் ஓடும் வண்டியில் முதல் கியர் விழும். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், சூடேறினால் மிதி கட்டையாகிவிடும், பிரேக் பிடிக்காது.

மதுரை வெயில்தான் இதற்குப் பெரிய சோதனை. என்ஜினின் பக்கவாட்டில் இருக்கும் பெட்ரோல் பம்ப் சூடேறி, உள்ளே பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும். ஒரு சித்திரைத் திருவிழாவில், எதிர்சேவை அன்று மூன்றுமாவடி அருகே கூட்டத்தில் முக்கால் மணி நேரம் ஊர்ந்ததில் வண்டி நின்றுபோனது. பானெட்டைக் கவிழ்த்ததும் சுற்றி ஆள் கூடிவிட்டது. தண்ணீர்ப் பந்தலிலிருந்து ஒரு பெரியவர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, தன் தோளில் கிடந்த துண்டையே நனைத்துப் பம்பின் மேல் சுற்றினார். "எங்க முதலாளி வண்டிய ஓட்டுனேன் தம்பி, பத்து வருசம். இந்தா, இப்பப் பிடிக்கும் பாருங்க." பத்து நிமிடத்தில் பிடித்துவிட்டது. துண்டைத் திருப்பிக் கொடுத்தபோது வேண்டாம், வண்டியிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். இன்றும் டிக்கியில் இருக்கிறது. பிறகு பெட்ரோல் குழாயைச் சைலன்சர் சூட்டிலிருந்து தள்ளி வேறு வழியில் கொண்டுபோய், இடையில் ஒரு தகடு வைத்தேன். தொல்லை பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதிக்கு ஏப்ரல், மே மாதங்களில் பதினொரு மணிக்கு மேல் வண்டியை எடுப்பதில்லை.

எத்தனால் இருபது சதவீதம் கலந்த பெட்ரோல் வந்தபின் புதுத் தலைவலி. பழைய ரப்பர் குழாய்கள் ஊறிப் பிசுபிசுத்துவிட்டன, பம்பின் டயாபிரமும் போனது. எத்தனாலைத் தாங்கும் ஃப்ளோரின் ரப்பர் குழாய் போட்டு, அதே வகை டயாபிரமும் மாற்றினேன். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ஒரு மாதம் ஓட்டாமல் விட்டால் கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் பழுப்பாக வண்டல் சேர்கிறது. வாரம் ஒருமுறையாவது ஓட்டிவிட்டால் அது இல்லை.

பேப்பர் விஷயம் சுருக்கமாக. ஆர்.சி.யை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், 2022-ல் இதற்கான கட்டணம் அறுநூறிலிருந்து ஐயாயிரம் ரூபாய் ஆனது. ஐம்பது வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் விண்டேஜ் பதிவு என்று தனி விதி வந்திருக்கிறது. நண்பர்கள் மாறச் சொல்கிறார்கள். அதில் பதிந்தால் ஊர்வலம், கண்காட்சி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது மாதிரியான காரியங்களுக்குத்தான் சாலையில் எடுக்கலாம், அன்றாடம் ஓட்ட முடியாது. காய்கறிக்குப் போக முடியாத ஹெரால்டு எனக்கு வேண்டாம்.

வாங்க நினைப்பவர்கள் பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். கிழிந்த பாய் ஒன்றைக் கொண்டுபோய் வண்டிக்கு அடியில் விரித்துப் படுத்து, சேசிஸின் பக்கக் கைகளை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப்பாருங்கள். டிக்கித் தரையில் ரப்பர் பாயைத் தூக்கிப்பாருங்கள், ஐப்பசி மழை தங்குமிடம் அதுதான். ட்ரன்னியனில் கிரீஸ் தெரிந்தால் இரண்டு பக்கமும் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். என்ஜின் புகைத்தால் கவலை வேண்டாம், மதுரை லேத் பட்டறைகளில் அதற்கு வழி உண்டு. சின்னச் சின்னப் பித்தளை பீடிங், கதவுக் கைப்பிடி, பின்விளக்குக் கண்ணாடி இவைதான் கிடைக்காது. பழைய பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் நான் மூன்று வருடம் தேடியது ஒரு பின்விளக்கு மூடியை.

இப்போது வண்டி கல் மேல் நிற்கிறது. பின் கமான் பட்டை தொய்ந்து ஒரு பக்கம் இறங்கிவிட்டதால், கழற்றிப் பட்டறையில் வளைவு ஏற்றக் கொடுத்திருக்கிறேன். அடுத்த வாரம் தருவதாகச் சொன்னார்கள். மாட்டியதும் முதல் ஓட்டம் அழகர்கோவில் சாலையில். கல்லூரி விடுமுறைக்கு வரும் மகள் தான்தான் ஓட்டுவேன் என்று சொல்லியிருக்கிறாள், இரட்டைக் கிளட்ச் இப்போது அவளுக்கு என்னைவிட நன்றாக விழுகிறது.